சேவலிடம் சொன்னவை

லட்லோ,
1798, மார்ச் மாதம்

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எடின்பரோவில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். நீ பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்த வீட்டில் உன் அறைக்குக் கணப்பு மூட்டுகிறார்களா? கேட்டு வாங்கிக்கொள். கூச்சப்பட்டால் இருமல்தான் மிச்சம்.

ஊரில் இப்போது ஒரு நாவலைப் பற்றித்தான் பேச்சு. மூன்று பாகம். எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டிருக்கிறது. வாடகை நூலகத்தில் அதற்கு அடிதடி. உன் அப்பா தன் மருந்துக்கடைச் செல்வாக்கைக் காட்டி முதலில் வாங்கி வந்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் அவர் உரக்க வாசிப்பார். நானும் உன் தங்கை லெட்டிஸும் தையலோடு உட்கார்ந்து கேட்போம். பக்கத்து வீட்டுத் திருமதி டட்லியும் வந்துவிடுவாள். "பொம்பளை எழுதினதாம். இவ்வளவு புத்தியா எழுதுறவன் ஆம்பளையாத்தான் இருக்கணும். விக்கிறதுக்காகப் பாவாடை கட்டிக்கிட்டிருக்கான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் உன் அப்பா.

இரண்டாம் பாகத்தில் ஒரு அம்மா வருகிறாள். கணவனிடம் வாய் திறக்கமாட்டாள். கோபம் வந்தால் கோழிக்கூட்டுக்குப் போய், அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சேவலிடம் சொல்லித் தீர்ப்பாள். சேவலும் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கடைசியில் தானே ஜெயித்த மாதிரி ஒரு கூவு கூவும். உன் அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. திருமதி டட்லிக்கு விக்கலே வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பாதியில் என் ஊசி நின்றுவிட்டது. நான் கோழிக்கூட்டில் பேசுவதை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அப்போது உனக்கு ஒன்பது வயது. முட்டை எடுக்க வந்தவள் கதவுக்குப் பின்னால் நின்றாய்.

கோபம் வந்ததா என்று கேட்காதே. வந்தது. ஆனால் அந்த அம்மா பேசுவதெல்லாம் நியாயமாக இருந்தது. என் நியாயம் அச்சில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்து லெட்டிஸ் விஷயம். பெரியம்மா போனபிறகு பெரியப்பா வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, அவளை ஹெரிஃபோர்டுக்கு அனுப்புவதாக உன் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். பதிமூன்று வயதுக்காரி. புத்தகங்களை மூட்டை கட்டிவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வழக்கம்போல் கோழிக்கூட்டுக்குப் போகத் தோன்றியது. கதவுவரை போனவள் திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, "லெட்டிஸை அனுப்பமாட்டேன். அவ படிக்கணும். உங்க அண்ணனுக்குச் சமைச்சுப்போட ஆள் வேணும்னா கூலிக்கு வச்சுக்கட்டும்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதையெல்லாம் ஏன் இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?"

"சேவல்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

என்னையே பார்த்தார். "அப்ப அந்தப் புத்தகம்..." என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அந்தச் சேவல்..." என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். கோழிக்கூட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "என்னைவிட அது பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு லெட்டிஸைக் கூப்பிட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். இப்போது தினமும் காலையில் துணைப் பாதிரியார் வந்து அவளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார். வீடெல்லாம் வினைச்சொல்லாகக் கிடக்கிறது.

உன் அப்பாவுக்குத்தான் வாய் நிற்கவில்லை. நீ சொல்லாத ரகசியத்தை நாம் சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்திருக்கிறேன். நேற்று திருமதி டட்லியிடம், "எழுதினது பொம்பளைதான், சந்தேகமே இல்ல" என்றார். "போன வாரம் ஆம்பளைன்னீங்களே" என்று அவள் மடக்கினாள். "அப்ப நான் மூணாம் பாகம் படிக்கல" என்று சமாளித்தார்.

மூன்றாம் பாகம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. கடைசியில் அந்த அம்மாவின் மகள் வீட்டைவிட்டுப் போனவள் போனவள்தான். திரும்பி வரவே இல்லை. கதைக்கு அதுதான் பொருத்தம் என்கிறார் உன் அப்பா. இருக்கலாம். எழுதியவளை நான் குறை சொல்லவில்லை. நீ மட்டும் கோடையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, கண்ணே.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக.

உன் அம்மா,
பிரிசில்லா