எனக்குத் தோன்றாதது

12 நவம்பர் 1974, குன்னூர்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து சோலூரில் கூலி வேலை செய்கிற ராமையா ஒரு காப்புரிமை கேட்டிருக்கிறார். பைரீத்ரம் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்தில் கழிவுத் தேயிலைச் சாற்றைச் சேர்த்தால் அது கெடாதாம். மருந்துக் கம்பெனி எதிர்க்கிறது. துறை தெரிந்த எவருக்கும் இது எளிதில் தோன்றியிருக்குமா என்று பூச்சிமருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னைக் காப்புரிமை அலுவலகம் கேட்டிருக்கிறது. ஆம் என்றால் ராமையாவுக்கு ஒன்றும் கிடையாது. கம்பெனி சும்மா எடுத்துக்கொள்ளும்.

இன்று கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்து இரண்டு புத்தகங்களை விரித்தார்.

“ஏனுங்க சார், பூமருந்து காத்துப் பட்டாக் கெடும்னு இதுல இருக்குது. தேயிலைத் துவர்ப்பு எண்ணெயைக் கெடாம வைக்கும்னு அதுல இருக்குது. ரெண்டையும் சேர்க்கப் பெரிய மூளை வேணுமுங்களா? கூலிக்காரனுக்கே தோணியிருக்குது!”

தலையாட்டினேன். என் பழக்கம் அது. பிறகு மெதுவாக, “எனக்குத் தோணலையே” என்றேன்.

“அதை யாருங்க உங்ககிட்ட கேக்கப் போறாங்க?” என்று சிரித்தார்.

அந்த இரண்டு புத்தகங்களும் வேலையிலிருந்த காலம் முழுவதும் என் மேசையில் இருந்தவை. ஆய்வுக்கூடத்தில் பூ காய்ந்தது. சுவருக்கு அப்பால் கழிவுத் தேயிலை குவிந்து கிடந்தது. நான் கெட்ட மருந்தை ஆண்டுதோறும் சாக்கடையில் ஊற்றினேன். விடையைப் பார்த்த பிறகு எல்லாம் எளிதாகத்தான் தெரிகிறது.

அறிக்கையில் எழுதினேன்: “இத்துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவர் இரண்டையும் அருகிலேயே வைத்திருந்தும் அவருக்கு இது தோன்றவில்லை. அவர் பெயர் கீழே உள்ளது.”

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ‘தேர்ச்சி பெற்ற’ என்ற இடத்தில்தான் கண் போய்ப் போய் நிற்கிறது. அதை அடிக்கவும் வழியில்லை. அடித்தால் ராமையா தோற்றுவிடுவார்.