கிராஃபிக்ஸ் கார்டு அனுப்பாதே

ராஜகீழ்ப்பாக்கம்,
12.10.2025

அன்புள்ள உமேஷுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மிருதுளாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லத்தான் தினமும் வாட்ஸ்அப் இருக்கிறதே.

இந்தக் காலத்தில் அம்மா காகிதத்தில் எழுதியிருக்கிறாளே என்று கவரைப் பார்த்ததும் பதறியிருப்பாய். என்ன செய்வது? என் போனில் வருவதெல்லாம் உன் தம்பி அனியின் கம்ப்யூட்டரிலும் தெரிகிறது. எனக்கு வரும் செய்தியை எல்லாம் அவன்தான் உரக்கப் படித்துக் காட்டுவான். சீட்டு கம்பெனிக்காரன் அனுப்புவதைக்கூட ராகம் போட்டுப் படிப்பான். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேர் காதிலும் விழாமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழி இல்லை. கீரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் இதைப் போஸ்ட் ஆபீஸில் சேர்த்துவிடுவேன்.

மிருதுளாவுக்குப் பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா? இங்கே மழை வருகிற மாதிரி இருட்டுகிறது, நாலு தூறல் போடுகிறது, போய்விடுகிறது. ஆனால் ரோட்டில் மட்டும் எங்கிருந்தோ தண்ணீர் நிற்கிறது.

அனியின் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். போன பங்குனியில் அவன் "படம் ஸ்டக் ஆகுதும்மா" என்று சொன்னபோது அது உண்மையாகவே ஸ்டக் ஆனது. நானே பார்த்தேன். கார் ஒரு தெருவில் திரும்பும், படம் அப்படியே நிற்கும், உள்ளே ஹார்ட் டிஸ்க் கறகற என்று சத்தம் போடும், மறுபடி படம் வரும்போது கார் சுவரில் மோதிக்கிடக்கும். நீதான் போனில் எனக்குப் புரிய வைத்தாய். ஹார்ட் டிஸ்க் பரண் மாதிரி, ராம் அடுப்பு மேடை மாதிரி, மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் பரண் ஏற வேண்டியிருக்கும் என்றாய். அந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டதும் என் பிள்ளை முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்க்கவில்லை. பத்து வயதில் சக்கர நாற்காலிக்கு வந்த பிள்ளை, அந்த ஆட்டத்தில் ஊரெல்லாம் கார் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டும்போது "அண்ணா, பாலத்துகிட்ட நிக்கறேன், சீக்கிரம் வா" என்று அதட்டுவான். நீ பின்தங்கினால் அவனுக்கு அத்தனை கொண்டாட்டம்.

ஆடி முடியும்போது மறுபடியும் ஸ்டக் ஆகிறது என்றான். அதற்குத்தான் நீ அங்கிருந்து ஊருக்கு வந்த ப்ரியாவிடம் இரண்டு ராம் கொடுத்து அனுப்பினாய். அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. உன் அப்பா சும்மா இருப்பாரா? திருமுடிவாக்கம் கம்பெனியில் ஒவ்வொரு வருஷமும் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கை. கம்ப்யூட்டர் பெட்டிக்கு விபூதிப் பட்டை போட்டார், மவுஸுக்குக் குங்குமம் வைத்தார். அதோடு விட்டாரா, புது ராம் இரண்டையும் தாம்பாளத்தில் வைத்து, தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்குமே, சரியாக அந்த இடத்திலேயே சந்தனத்தைக் குழைத்துத் தடவிவிட்டார். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து மாட்டினால் பீப் பீப் என்று கத்துகிறது, படமே வரவில்லை. அனிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்த இருமல் நிற்க ரொம்ப நேரமாயிற்று.

தாம்பரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணும் ஏசுதாசன் வந்தான். எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அழிரப்பர் வைத்து அந்தப் பல்லையெல்லாம் தேய்த்துச் சுத்தம் பண்ணினான். "சார், சாமி கும்புடுங்க, வேணாங்கல. பொட்ட டப்பாவுக்கு மேல வெய்யிங்க, உள்ள போயி இன்னாத்துக்கு வெக்கிறீங்க?" என்று கேட்டான். அப்பா முறைத்தார். ராம் ஜோடியாகச் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி சரியான இடத்தில் மாட்டி, செட்டிங்ஸில் போய் அதன் முழு வேகத்தையும் திறந்துவிட்டான். இத்தனை நாள் பழைய ராம்கூட அரை வேகத்தில்தான் ஓடியதாம்.

திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு வரவழைத்தான். படம் ஸ்டக் ஆனால் கோடு எகிறும், ஆகாவிட்டால் நேராகப் போகும் என்றான். முதலில் அவனே ஓட்டிப் பார்த்தான். கோடு நேராகப் போயிற்று. பிறகு அனியை உட்கார வைத்தோம். இப்போதெல்லாம் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கன்ட்ரோலர் பட்டன் மேல் நான்தான் வைக்கிறேன், உமேஷ். இதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. முதல் திருப்பத்திலேயே கார் சுவரில் மோதியது. "இன்னும் ஸ்டக் ஆகுதுப்பா" என்றான். நான் கோட்டைப் பார்த்தேன். அசையவே இல்லை. அவனும் அதைப் பார்த்தான். "ஏசுண்ணா, அந்தக் கோட்ட எடுத்துடுங்க, ரோட்ட மறைக்குது" என்றான்.

உன் அப்பா அதற்குள் அடுத்தது என்ன மாற்றலாம் என்று ஆரம்பித்துவிட்டார். கிராஃபிக்ஸ் கார்டுதான் பழசு, உமேஷிடம் சொல்கிறேன் என்றார். பழுது என்றால் ஏதோ ஒரு பாகம்தான், ஒவ்வொன்றாக மாற்றினால் அகப்பட்டுவிடும் என்று ஆயுசெல்லாம் வேலை பார்த்த மனுஷர். ஏசுதாசன் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாக, "அம்மா, மெஷின்ல ஒண்ணும் கெடையாதும்மா, சும்மா வழுக்கிகினு போவுது" என்றான். எனக்குத் தெரியும்ப்பா, சார்கிட்ட சொல்லாதே என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் அனிக்குச் சாதம் ஊட்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. உமேஷ் அத்தனை தூரத்திலிருந்து கார்டு அனுப்பப் போகிறானாம், தேவையாடா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தான். "அனுப்பட்டும்மா. அப்பாவுக்கு ஒரு வேலை வேணும் இல்ல? வேலை இல்லன்னா என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு, எனக்குப் பயமா இருக்கும்" என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை சொல்கிற பேச்சா இது? நான் ரசம் எடுத்து வருகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் போன புதன்கிழமை வரை நினைத்திருந்தேன். அன்று நானும் டிரைவருமாக அனியை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனோம். அங்கே கரண்ட் இல்லாமல் சீக்கிரமே திரும்பி வந்தோம். அனி காரில் இருக்க, சக்கர நாற்காலியை ஏற்றும் சாய்வுப் பலகையை எடுக்க நான் உள்ளே வந்தேன். உன் அப்பா அனியின் மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கார் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் தெரியாத மனுஷர், ஆனாலும் கார் அவர் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது. எங்கும் நிற்கவில்லை. ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் வெளியே வந்து, கேட்டைப் பலமாகத் திறந்து மூடினேன். உள்ளே போனபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அனியிடம், "கார்டு வந்தா சரியாயிடும்டா" என்றார். இவனும் "ஆமாம்ப்பா" என்றான்.

ஆக, இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. எங்களில் ஒருவர் உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். என் வழியாக அவனுக்கு வந்த தசை நோய் என்று டாக்டர்கள் அன்றே சொல்லிவிட்டார்களே.

இப்போது பார்க்கும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கைக்கு வந்தது மூச்சுத் தசைக்கும் வந்துகொண்டிருக்கிறது, இந்த மழைக்காலத்தில் சளி பிடித்தால் சமாளிப்பது கஷ்டம் என்றார். பெரிய பையன் எப்போது வருகிறான் என்று கேட்டார். ஜூன் மாதம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதுக்கு முன்னாடி வர முடியுமான்னு கேளுங்கம்மா" என்றார். கேட்டுவிட்டேன்.

போன ஞாயிறு நீ அவனிடம், இன்னும் லேக் ஆகுதாடா என்று கேட்டாய். ஆமாண்ணா என்றான். இனிமேல் அதைக் கேட்காதே. நீ முன்னால் போய்விட்டால் பாலத்துப் பக்கத்தில் நின்று அவன் வரும்வரை காத்திரு. எத்தனை நேரமானாலும் சரி.

கார்டு அனுப்பாதே. நீ வா. உனக்கு லீவு கிடைக்குமா, அந்த விசா பேப்பர் என்ன ஆகும், எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படியாவது வா. அழுது வடியும் முகத்தோடு வந்து நிற்காதே. எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல். உன் அப்பாவுக்கு அது போதும். அனிக்கும் அது போதும். வந்து பெட்டியைத் திறந்து, ராமை ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள். அவன் கை மேல் உன் கையை வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுங்கள்.

நீயும் மிருதுளாவும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொல்லி ரொம்ப நாளாகிறது. யாரையாவது அப்படி வாழ்த்த வேண்டும்போல் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்த்து வாசலையே பார்த்திருக்கும்,
அம்மா
சுந்தரவல்லி சாம்பசிவன்