உறங்கிய புல்லைச் செத்ததென்று சொன்ன பிழைக்காக நீர்முனை நாட்டுக்கு விடுத்த ஓலை

“செத்த புல்லுக்கு எதற்கடி காவல்?” என்று ஒருத்தியிடம் கேட்கப்பட்டது. கேட்டவன் இவ்வோலை எழுதும் அமைச்சன். அந்தக் கேள்வி பிழையானது.

நலம் பெருகுக. மூன்று ஆறு பாயும் நீர்முனை நாட்டின் எல்லைக் காவலர் தலைவர் இளந்தத்தனார் திருமுன்னுக்கு, பன்னிரு குன்றமுடைய செங்கோதைப் பெருந்தேவியாரின் ஆணை தாங்கும் மணற்குன்ற நாட்டு அமைச்சன் பெருஞ்சாத்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் வாயில்கள் திறந்திருக்க. தங்கள் காவலர் கண் அயராதிருக்க. நான்கு மாதம் எங்களை மறந்த மழை தங்களை மறவாதிருக்க.

செய்தி யாதெனில்: எங்கள் தலைநகரின் வடக்கே அரச குடும்பத்தார் குழிப்பந்து ஆடும் வெளி ஒன்று உண்டு. வளைகோலால் பந்தை அடித்து ஒன்பது குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்யும் ஆட்டம் அது. ஒவ்வொரு குழியையும் சுற்றிப் பாய் விரித்தாற்போல் அறுகம்புல் வளர்த்த முற்றம் இருக்கும். பதினான்கு ஆண்டுகளாக அவற்றைப் பேணியவள் கொற்றி. நாலு பேர் கூடினால் வாயடைத்துப் போகிறவள். வெளியோரக் குடிலில் தனியே இருந்தாள். ஆட்ட நாள்களில் எல்லோரும் அந்தப் புல்லைப் புகழ்வர். ஆட வந்தவர்களில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இல்லை.

இவ்வாண்டு கோடை நான்கு மாதம் நீண்டது. ஏரி நீர் குடிகளுக்கே என்று பெருந்தேவியார் ஆணையிட்டார். வெளிக்கு நாளொன்றுக்கு மூன்று குடம் மிஞ்சியது. ஆட்டம் நின்றது, ஆள் வரவும் நின்றது. கொற்றி முறையிடவில்லை. பரந்த வெளியைக் காயவிட்டு, முற்றங்களுக்கு மட்டும் விடியலில் முறைவைத்து ஒவ்வொரு குடமாகத் தெளித்தாள். புல் பச்சையாவதற்கு அன்று, வேரில் உயிர் தங்குவதற்கு. நீண்ட புல் தன் வேருக்குத் தானே நிழல் தரும் என்று அறிந்திருந்ததால் அரிவாளைத் தொடவில்லை. காய்ந்த புல்லை மிதித்தால் ஒடியும், நிமிராது. ஆகவே ஒருவரையும் உள்ளே விடாமல், தானும் கல் பார்த்துக் கல் பார்த்தே கால் வைத்தாள்.

“ஏ கொற்றி, வைக்கோலுக்கு எதுக்குடி தண்ணி? என் தலையில ஊத்து, மயிராச்சும் வளரும்!” என்பாளாம், குடம் சுமந்து வரும் பிடாரி. கொற்றி சிரிப்பாள். ஏரி சேறானபின் தொலைவிலிருந்து நீர் வண்டியில் வரத் தொடங்கியது. பிடாரியின் வரவும் நின்றது. அதன்பின் கொற்றி முற்றங்களோடு பேசியதை வேலிக்கு அப்பால் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள். “இன்னிக்கு உன் முறை இல்லம்மா, நாளைக்கு” என்று எட்டாம் முற்றத்திடம் சொல்வாளாம்.

மூன்றாம் மாத முடிவில் வறண்ட ஊர்களிலிருந்து எழுநூறு மாடுகள் வந்து சேர்ந்தன. அவற்றை அடைக்க இடம் தேடி அமைச்சன் வெளிக்குப் போனான். அமைச்சர் பாதம் ஆட்டவெளியில் படலாகாது என்பது எங்கள் மரபு. ஆகவே சிவிகையில் இருந்தபடியே பார்த்தான், பழுப்பைக் கண்டான், செத்தது என்று தீர்ப்புச் சொன்னான். வெளியின் வாயிலை அடைத்த படலின் முன் கொற்றி கைகளை விரித்து நின்றாள். அப்போதுதான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

சுற்றிலும் இருநூறு பேர். ‘ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வராது’ என்று அவள் சொல்லியிருந்தால் போதும். கூட்டத்தின் முன் அத்தனை சொற்கள் அவளுக்கு வரவில்லை. “தூங்குதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

“தூங்குதாம்டா! சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கப் போகுது!” என்றான் மந்தைத் தலைவன் கண்டன்.

கூட்டம் சிரித்தது. அமைச்சனும் சிரித்தான், அதை மறைக்காமல் எழுதுகிறான். படல் திறக்கப்பட்டது. மாடுகள் உள்ளே போவதை அவள் கடைசி மாடு வரை நின்று பார்த்தாள்.

ஏழு நாள் எழுநூறு மாடுகளின் குளம்புகள் அங்கே மிதித்தன. பின்னர் மந்தை வேறிடம் பெயர்ந்தது. அதிலிருந்து இருபதாம் நாள் மழை. மழைக்குப்பின் ஆறாம் நாள், பாறைகளுக்கு நடுவே இருந்ததால் மாடு ஏறாத ஒன்பதாம் முற்றம் மட்டும் பச்சைப் பசேலென்று எழுந்தது. மற்ற எட்டும் சேறு.

அமைச்சன் மரபை மீறிச் செருப்பைக் கழற்றி உள்ளே நடந்து, ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நேரே குடிலுக்குப் போய்ப் பிழை தன்னுடையது என்றும், எட்டு முற்றங்களும் அவள் சொற்படியே மீண்டும் அமைக்கப்படும் என்றும், அவையில் அவளுக்கு இருக்கை உண்டு என்றும் கூறினான். அவையில் இருக்கை என்றதும் அவள் குடிலுக்குள் பின்வாங்கினாள். அவள் வேண்டாததையே கொடுக்க வந்திருக்கிறோம் என்பது அமைச்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் குடில் வெறுமையாயிற்று.

அவள் தங்கள் எல்லை நோக்கி வருவதாகக் கேள்வி. வயது முப்பத்தைந்து, வலது மணிக்கட்டில் அரிவாள் தழும்பு. அவளைத் தடுக்க வேண்டா. திருப்பி அனுப்பவும் வேண்டா. கூட்டத்தின் நடுவே நிறுத்தி ஊரும் பேரும் வினவ வேண்டா. நிழலும் நீரும் தருக. அவள் தங்குமிடத்தில் வாயாடிப் பெண் ஒருத்தி அருகே இருப்பாளாக. இனி எங்கள் நாட்டில் ஒரு மழை காணும் முன் எந்த நிலத்தையும் செத்ததென்று எவரும் எழுதலாகாது என்பது பெருந்தேவியார் ஆணை. ஆணைப்படி நாரை முத்திரை இட்டோம். தங்கள் கை தொட்டு இவ்வோலை நிறைவு பெறுக.

பின்குறிப்பாக ஒன்று: அவள் போனதைக் கண்டவன் எங்கள் வடக்கு வாயிற்காவலன் ஒருவனே. விடியலில் சிறு மூட்டையோடு வந்தாளாம். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறான். அவனை ஏறிட்டுப் பார்த்தாள், உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாயிலைக் கடந்து போனாள்.