கூசாத கை

இன்று காலை சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததுமே அந்த வாடை முகத்தில் அடித்தது. உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வயது தாண்டிய ஆண் நாய் வளரும் வீட்டின் வாடை. சோபாக் கால், திரைச்சீலை நுனி, செருப்பு அலமாரியின் மூலை, ஓரிடம் பாக்கியில்லாமல் மூத்திரம் பெய்து வைத்திருந்தான். அந்த வீட்டுப் பெண் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்.

"அக்கா, இவனுக்குக் கீழ... அந்த எடத்துல... மஞ்சளா ஏதோ ஒழுவுதுங்க. மெத்தையெல்லாம் கறை. எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க."

"ஆண்குறியில இருந்து வருதுன்னு சொல்லுங்க கண்ணு. அதுக்குப் பேரு இருக்குதுல்ல?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கட்டும்.

வேலையை முடித்துவிட்டுக் கீழே வந்து வண்டியைக் கிளப்பும்போது கோபம் வந்தது. நீ போன பிறகு எனக்கு வந்த பழக்கம் இது. திடீர் திடீரென்று வருகிறது. அந்தப் பெண் மேல் கோபமில்லை. உன் மேல்தான்.

நாம் இருவரும் ஆர்.எஸ்.புரத்து நாய் கிளினிக்கில் உதவியாளர்களாக இருந்தவர்கள். டாக்டர் அதை மூடிவிட்டு மகளோடு வெளிநாடு போனபோது, நாற்பது வயதுக்கு மேல் இனி எங்கே போய் வேலை கேட்பது என்று நான் அழுதேன். நீ மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுச் சொன்னாய்: "எதுக்குப் புள்ள இன்னொருத்தர் ஊட்டு வாசல்ல நிக்கோணும்? வண்டி ஒண்ணு இருக்குது, கை நாலு இருக்குது. ஊடு ஊடாப் போயி நாயைக் குளிக்க வெப்போம்."

அப்படித்தான் தொடங்கினோம். முன்னால் நீ, பின்னால் நான், நடுவில் ஷாம்பு, துண்டு, உலர்த்தும் மெஷின். மற்றவர்கள் முதுகுக்கு நுரை போட்டு, காதைத் துடைத்து, பவுடர் அடித்து அனுப்பிவிடுவார்கள். நீ நாயைப் புரட்டிப்போட்டு அடிவயிற்றைப் பார்ப்பாய். குறியைச் சுற்றி மயிர் சடை பிடித்து மூத்திரத்தில் ஊறிக் கிடந்தால், ஒரு விரற்கடை விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தரிப்பாய். ஒட்ட வெட்டினால் நுனி குத்தும், அப்புறம் அவன் நக்கிக்கொண்டே இருப்பான் என்பாய். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மேல் தோலை மட்டும் துடைப்பாய். உள்ளே நோண்ட மாட்டாய். ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றாலும் உன் கை ஒரு நொடி தயங்கியதில்லை.

"ஏனுங்க, பொம்பளைங்க போயி இதையெல்லாம் தொடலாமுங்களா?" என்று பீளமேட்டில் ஒருவர் கேட்டார். "நீங்க தொட்டிருந்தா நான் எதுக்குங்க தொடப் போறேன்?" என்றாய். மனிதர் உள்ளே போனவர் நாம் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பிரௌனியை நினைத்துப் பார்க்கிறேன். கருமத்தம்பட்டித் தறிக்காரர் வீட்டு நாய். பதினான்கு மாதம். நாம் போனபோது தறிக் கொட்டகைக்குப் பின்னால், தகரக்கூரையின் சூடு இறங்கும் இடத்தில், குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடந்தான். வயிற்றுக்கடியில் ஈ மொய்த்தது. பச்சையாகச் சீழ் வடிந்து காய்ந்து, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அவன் ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தான்.

"துணி மடிச்சு வெச்ச கட்டு மேலெல்லாம் காலைத் தூக்கிப்போடுறானுங்க. ஊட்டுக்குள்ள உட்டா நாத்தம் தாங்க முடியல. ஞாயித்துக்கெழமை அவினாசி ரோட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வந்துருவேன். அதுக்கு முன்னால ஒருக்கா கழுவி உடுங்க, பாக்கறவங்க யாராச்சும் எடுத்துக்குவாங்க," என்றார் அவர். முரடர் இல்லை. ஒரு வருடம் தோளில் போட்டு வளர்த்தவர்தான். வெட்கம் அவரை அந்த அளவுக்குத் தள்ளியிருந்தது. ஐந்து மாதமாக அதைப் பார்த்தும் ஒரு டாக்டரிடம் வாய் திறக்கவில்லை.

நீ அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவனைத் துடைத்தாய். அன்று மாலையே தறிக்காரரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு, அவனைச் சூலூர் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனோம். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வயதுக்கு வந்த ஆண் நாய்க்கு ஓரிரு சொட்டு மஞ்சளாக வருவது இயற்கை, பயப்பட ஒன்றுமில்லை. பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால், நாறினால், விடாமல் நக்கினால் அது நோய். மாத்திரை கொடுத்தார். புண் ஆறியதும் கருத்தடை ஆபரேசன் செய்துவிட்டால் ஒழுகுவது பெரும்பாலும் நிற்கும், காலைத் தூக்குவதும் குறையும் என்றார்.

தறிக்காரர் துள்ளி எழுந்தார். "அதெல்லாம் முடியாதுங்க. ஆம்பளையாப் பொறந்ததை வெட்டிப்போட்டுப் பாவத்தைச் சொமக்கச் சொல்றீங்களா?"

நீ அவரை நேராகப் பார்த்தாய். "உங்க தோட்டத்துல காளைக்குக் காயடிச்சாங்களே, அன்னைக்கு எத்தனை நாள் சோறு திங்காம இருந்தீங்க?" அவர் வாசல் பக்கம் திரும்பினார். நீ விடவில்லை. "சீழ் வடிஞ்சு ஈ மொய்ச்சு வெயில்ல கெடக்கறதுதான் ஆம்பளத்தனம்னா அது அவனுக்கு வேண்டாமுங்க. அவன் ரோட்டுல லாரிக்கடியில போறதைவிட இது பெரிய பாவமில்லீங்க."

பிரௌனியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அவர் மனைவி சொன்னார்: "நான் கூட்டிட்டுப் போறேனுங்க. கையெழுத்து நான் போடறேன்." அவர் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அந்தம்மாவும் கண்ணை எடுக்கவில்லை.

ஆபரேசன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கோனைக் கழற்றாதீர்கள், இரண்டு வாரம் தண்ணீர் படக்கூடாது, தையலைத் தினம் இரண்டு வேளை பாருங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். ஆறாம் நாள் தறிக்காரர், நாறுகிறானே என்று கோனைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பிடித்துக் குளிப்பாட்டியிருக்கிறார். ஏழாம் நாள் தையல் வீங்கி நீர் கோத்துக்கொண்டது. அந்தம்மா போனில் அழுதார். நாம் கொட்டும் மழையில் போய் அவனைத் தூக்கிக்கொண்டு மறுபடி சூலூருக்கு ஓடினோம்.

"குளிக்கறதுதான் சுத்தம்னு யாருங்க சொன்னது? கை வெக்காம இருக்கறதும் ஒரு சுத்தம்தானுங்க," என்று அவரை நீ டாக்டர் வாசலிலேயே வைத்துச் சொன்னாய். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் அவரே போன் செய்தார். "பாத்தீங்களா? வெட்டியும் நிக்கல. நேத்தும் கட்டுமேல காலைத் தூக்கிப்போட்டான்." ரத்தத்தில் ஊறியிருக்கும் ஆண் சுரப்பு வடிய வாரக்கணக்காகும், பழக்கம் போக அதற்கும் மேலாகும் என்றாய். பழைய வாடை இருக்கிற இடத்தைத் தேடிப்போய்த்தான் பெய்வான், அதனால் கொட்டகையை முதலில் கழுவுங்கள் என்றாய். ஒரு நாள் முழுக்க நாமும் கூட நின்று கழுவினோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது ஒழுகுவது நின்றிருந்தது. துணிக்கட்டுகள் சுத்தமாக இருந்தன. பிரௌனி முன்னறையில் மின்விசிறிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தான். எப்போதாவது வாசல் வேப்பமரத்தில் காலைத் தூக்குவான். அந்த மரம் போனால் போகட்டும் என்றார் தறிக்காரர்.

இத்தனையும் செய்த நீ, உன் உடம்பை என்ன செய்தாய்?

மாதவிலக்கு நின்று மூன்று வருடமான பிறகு உனக்கு மறுபடி ரத்தம் பட்டது. நீ என்னிடம் சொல்லவில்லை. வண்டி சீட்டில் கறையை ஒருநாள் நானே பார்த்துக் கேட்டேன். "வயசாவுதுல்ல, அப்பிடித்தான்," என்றாய். அதிலிருந்து கறுப்புச் சேலையாகக் கட்ட ஆரம்பித்தாய். நானும் மடச்சி, நம்பினேன். எட்டு மாதம். வலியில் ஒரு வீட்டுக் குளியலறையில் நீ மடங்கி உட்கார்ந்த அன்றுதான் உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பப்பையில் தொடங்கி எங்கெங்கோ பரவிவிட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"ஏன் புள்ள சொல்லல?" என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாய்: "ஆம்பள டாக்டரா இருந்துட்டா என்ன பண்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. பையனுக்கும் இப்பப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம். இந்த வயசுல இதென்னன்னு பேசுவாங்கல்ல."

அன்று உன்னைத் திட்டினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பீளமேட்டுக்காரரை உள்ளே ஓட வைத்தவள் நீ. கருமத்தம்பட்டியில் ஓர் ஆண்பிள்ளையின் வீம்பை மண்ணில் உட்கார்ந்தபடியே உடைத்தவள் நீ. யார் பேசுவார்கள் என்று பயந்தாய்? நீ திருப்பித் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புத்தான் சரசு," என்றாய். அந்த ஒரு சொல்லை நீ சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். இன்னும் ஐந்து வாரம் இருந்தாய்.

சாவு வீட்டில் உன் நாத்தனார் என்ன சொன்னாள் தெரியுமா? உன்னைக் குளிப்பாட்ட எடுத்தபோது, "நாய் அசிங்கத்தையெல்லாம் தொட்ட கை. அந்தப் பாவம்தான் இவளுக்கு அந்த எடத்துலயே வந்திருச்சு," என்றாள். கூடியிருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. நான் உறவில்லை, தண்ணீர் ஊற்ற எனக்கு முறையில்லை. ஆனாலும் கும்பலைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கினேன்.

"இந்தக் கை தொட்டுத்தான் எத்தனையோ உசுரு பொழச்சுதுங்க. தொட்டதுனால இவ சாவலீங்க. தொட்டுப் பாக்க ஒரு டாக்டரை உடாததுனால செத்தா. இப்பிடிப் பேசற வாய்க்குப் பயந்துதான் செத்தா," என்றேன். உன் மகன் அப்போது முன்னால் வந்தான். "சரசு அத்தை ஊத்தட்டும்," என்றான். உன் கை இரண்டையும் நான்தான் கழுவினேன். விரல் விரலாக, அவசரமில்லாமல்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்து வருகிறேன். நாயைக் குளிப்பாட்டி முடித்ததும் அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒடம்புல ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்கிறேன். சிலருக்கு முகம் சுண்டுகிறது. இரண்டு வீடுகளில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும். வடவள்ளியில் ஒரு பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு இப்போது வைத்தியம் நடக்கிறது, பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை.

ஊரைக் கேட்டுக்கொண்டு என்னை மட்டும் எப்படி விடுவது? போன செவ்வாய்க்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனைக்குப் போனேன். கூடம் நிறைய ஆண்களும் பெண்களும். சீட்டு எழுதும் பெண் என்னைக் கிட்டே வரச்சொல்லி, குரலைத் தாழ்த்தி, "என்னங்கம்மா தொந்தரவு?" என்றாள். எனக்கும் நாக்கு ஒரு நொடி ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், உன்னை அப்போதுதான் கொஞ்சம் மன்னித்தேன். பிறகு என் உடம்பில் இருப்பதையெல்லாம் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பெண் பதறினாள்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா. ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க."

"இருக்கட்டும் கண்ணு. அவங்க ஊட்டுலயும் பொம்பளைங்க இருப்பாங்கல்ல, கேட்டுட்டுப் போயிச் சொல்லட்டும்," என்று சொல்லி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.