தர்மினியின் வயிற்று நோ

வெள்ளவத்தை
12.03.1998

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத இம்முறை கை வரவில்லை. போன புதன்கிழமை தர்மினிக்குக் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சத்தி. சிறுநீரில் இரத்தம் போனது. ஆட்டோவில் கொண்டு ஓடினேன். சந்திச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பிள்ளை மடியில் கிடந்து துடிக்க, தமிழ் ஆட்கள் என்றதும் அரை மணி நேரம் பொலிஸ் பதிவுத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் தனித்தனியாக இருக்கும் சிறுநீரகங்கள் எங்கள் பிள்ளைக்குக் கீழ்ப்பக்கத்தில் ஒட்டி, குதிரை லாடம் போல ஒன்றாக இருக்கின்றன. டாக்டர் சிங்களத்தில் சொல்ல, தாதி பஹ்மியா தமிழில் சொன்னார். பலர் அப்படியே ஒரு வருத்தமும் இல்லாமல் சீவிப்பார்களாம். இவளுக்கு இடப்பக்கம் சிறுநீர் இறங்கும் குழாய் ஒடுங்கி, சிறுநீர் தேங்கி, அந்தப் பக்கம் வீங்கிவிட்டது. ஒடுங்கிய துண்டை வெட்டியெடுத்துத் திரும்பப் பொருத்த வேண்டுமாம்.

இரண்டு வருடமாக வயிற்று நோ என்று அழுத பிள்ளை. "பள்ளிக்கூடக் கள்ளம், இரண்டு போடு" என்று எழுதினீர்கள். போட்டேன். ஸ்கான் முடிந்ததும் அவள் கேட்டது இதுதான்: "அம்மா, அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே?"

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாகேஸ்வரி

*

சூரிச்
27.03.1998

அன்பு நாகேசு,

கடிதம் கண்டு கலங்கிப்போனேன். அதற்காக என்னில் குற்றம் சுமத்துவது சரியில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவருக்கும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது நீ ஏதும் மருந்து குடித்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னா.

ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்காதே. விசா சரிவந்ததும் இங்கே பார்க்கலாம். அதுவரை வெளியில் மூச்சு விடாதே. பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இடைஞ்சலாகும்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா

*

வெள்ளவத்தை
20.04.1998

தர்மினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வர முன்னரே கையெழுத்து வைத்துவிட்டேன். வந்த பிறகென்றாலும் வைத்திருப்பேன்.

உங்கள் அம்மா கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். கருவில் இரண்டாம் மாதத்திலேயே ஒட்டிவிடுமாம், யாரும் செய்த பிழையில்லையாம். அவர் கோபத்தோடு இன்னும் ஏதோ சொன்னார். பஹ்மியா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "யார்ட பிழையெண்டு தேடுறதுக்கு முந்திப் புள்ளையப் பாக்கச் சொல்லுங்க."

ஒப்பரேசன் நாலு மணித்தியாலம். வாசலில் நான் தனியாக நின்றேன். முந்தநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வீக்கம் வடிகிறது. ஒட்டியிருப்பதைப் பிரிக்கவில்லை, அது அப்படியே இருக்கும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வருடா வருடம் ஸ்கான் எடுக்க வேண்டும். இடுப்பிலும் வயிற்றிலும் அடி படவே கூடாதாம். நான் தடியால் அடித்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்?

பள்ளிக்கூடத்துக்கும் மேல்மாடிச் சனத்துக்கும் சொல்லிவிட்டேன். இனி அவள் நோகிறது என்றால் நம்புவதற்கு நாலு பேர் வேண்டும். கலியாணம் பேச வருகிறவனும் கேட்டுவிட்டே வரட்டும்.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அழாதேங்கோ அம்மா" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்பாவும் கேப்பாரோ?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

எனக்கு இனி எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். ஒன்பது வயது, தானாகவே வாசிப்பாள்.

நாகேஸ்வரி