குடிக்காதவனின் கல்லீரல்

வினோலியாவின் அம்மாவுக்கு,

மகளின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. என் பெயரும் இருக்கிறது. ஆனால் நான் வரக் கூடாதென்று உன் தம்பி ஹரோல்ட் போனில் சொல்லிவிட்டான். உனக்காகப் பேச அவன் எப்போதும் தயார்.

நம் தங்கச் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸில், சர்ச்சில் நான் வேதபாடம் வாசித்த அந்த ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. கை நடுங்கியது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசலில் எல்லார் முன்னாலும் ஹரோல்ட், "இன்னா மாமா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று சிரித்தான். நீ என் வாயை முகர்ந்து பார்த்தாய். அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாய். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து என் அப்பா குடித்த குடியைப் பார்த்தே நான் ஒரு சொட்டும் தொடாதவன். அது தெரிந்தும் போனாய்.

போன வாரம் பெங்களூரில் டாக்டர் விளக்கினார். கல்லீரல் இறுகிவிட்டதாம். குடலிலிருந்து வரும் இரத்தம் அதற்குள் நுழைய முடியாமல், இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி, வடிகட்டாமலே சுற்றுவழியில் மூளைக்குப் போகிறதாம், அமோனியா என்ற நஞ்சோடு. அந்த நடுக்கம், அந்தத் தடுமாற்றம், நீ முகர்ந்த வாடை எல்லாம் அதனால்தான். சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். ஹரோல்டுக்குப் பயந்து அல்ல. புத்தி எப்போது தடுமாறும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன் நம் மகள் தலை குனியக் கூடாது. உன் தம்பியே அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும்.

அதற்கு முன், அப்பா குடித்ததில்லை என்று அவளிடம் சொல். நான் சொல்லிப் பார்த்தேன், போனை வைத்துவிட்டாள். நீ சொன்னால் நம்புவாள்.

அவளுடைய அப்பா