வண்டியைத் துடைக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிறோம், அது வரைக்கும் உண்மை. நீ நலமா என்று இந்தத் தடவை நான் சும்மா கேட்கவில்லை. நேற்றுப் போனில் வண்டியைத் தொடாதே, வேலைக்குப் பஸ்ஸில் போ என்று மட்டும் சொல்லிவிட்டு நான் அழ ஆரம்பித்ததும் நீ பயந்துவிட்டாய். இப்போது விவரமாக எழுதுகிறேன், முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன்.

முந்தாநாள் காலையில் என் மூக்குக் கண்ணாடியை மாற்றுவதற்காக அப்பாவும் நானும் வண்டியில் கிளம்பினோம். உன்னுடையதைப் போலவே சங்கிலி இல்லாத அதே பைக்தான், நீ வாங்கும்போது இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாயே. பாலத்தை விட்டு இறங்கித் திரும்பும்போது பின்னால் கடகடவென்று ஏதோ அரைத்தது. என்னங்க சத்தம் என்றேன். ரோடு சரியில்ல, நீ சும்மா வா என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்சக்கரம் இறுகிப்போய் அப்படியே நின்றுவிட்டது. வண்டி குறுக்கே திரும்பியது, நாங்கள் ரோட்டில் கிடந்தோம். பின்னால் வந்த லாரி என் செருப்பின் மேல் ஏறித்தான் நின்றது. செருப்பில் கால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தூக்கி உட்கார வைத்ததும் உன் அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா, வண்டி எங்க என்றுதான். கட்டிய பெண்டாட்டி பக்கத்திலேயே ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று நம் மெக்கானிக் வண்டியைப் பிரித்தார், நாங்கள் கூடவே நின்றோம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு பின்சக்கரத்தின் நடுவில் ஒரு கியர் டப்பாவுக்குள் போகிறது, அதுதான் சக்கரத்தையே சுழற்றுகிறதாம். அந்த டப்பாவுக்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லை, பேரிங் பொடிப்பொடியாகக் கொட்டியது. ஆயில் சீல் போயி மாசக்கணக்கா கசிஞ்சிருக்கு, நீங்க பாக்கவே இல்லையா சார் என்றார். லேசா கறுப்பா ஈரமிருக்கும், ரோட்டு அழுக்குன்னு தெனமும் துடைச்சிடுவேன் என்றார் அப்பா. மெக்கானிக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கிட்ட வரும்போதும் துடைச்சிட்டுத்தான வருவீங்க, வெளிய பளபளன்னு இருக்கேன்னு நானும் தெறந்து பாக்காம விட்டுட்டேனே என்றார். உனக்குத் தெரியாதா உன் அப்பாவை. சர்வீசுக்கு விடுவதற்கு முன்னால் வண்டியைக் குளிப்பாட்டி அழகு பார்ப்பாரே. அழுக்கோடு கொண்டுபோனால் மெக்கானிக் நம்மைப் பற்றி என்ன நினைப்பார், மானம் போய்விடுமாம். அந்த மானத்துக்கு இரண்டு உயிர் போயிருக்கும்.

அதுவரை என் மனதில் எங்கள் வண்டி மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, போன வாரம் நீ அனுப்பிய படத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். வண்டி கண்ணாடியாக மின்னுகிறது, நீ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரு முழுக்கக் காட்டினேன். இப்போது கண்ணில் பட்டது உன் இடுப்பில் செருகியிருந்த துணி. அப்பா தன் பழைய கட்டம் போட்ட சட்டையைக் கிழித்து, பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதிப் பாதியை வண்டி துடைக்க என்று உன் பெட்டியில் வைத்தாரே, அதுதான். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அப்பாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், சாப்பிடக்கூட வரவில்லை. பிறகு, நான்தான அவளுக்குக் கத்துக் குடுத்தேன் என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

அது வேறு ஏதாவது அழுக்காகவே இருக்கட்டும், அம்மாவுக்குப் பைத்தியம் என்றே வைத்துக்கொள், ஆனாலும் பார்த்துவிடு கண்ணு. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து அசைத்துப் பார். ஆடக் கூடாதாம். ஆடினால் கடை வரைக்கும்கூட ஓட்டாதே, வேனில் ஏற்றி அனுப்பு. ஆடாவிட்டாலும் அந்த டப்பாவின் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல், இரும்புத்தூள் மின்னுகிறதா என்று பக்கத்தில் நின்று பார். துடைக்காமல் கொண்டுபோ. வாயைத் துடை, மேசையைத் துடை என்று சின்ன வயதிலிருந்து உன் உயிரை வாங்கியவளே சொல்கிறேன், துடைக்காதே. கசிவது கண்ணுக்குத் தெரியட்டும்.

இன்று காலையில் அப்பா தன் பாதித் துணியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். ஒற்றைக் கையோடு தானே போய்ப் போட்டார். நீயும் உன்னுடையதைப் போட்டுவிடு. எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும், கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும், வேறு ஒன்றும் எங்களுக்கு வேண்டாம். பின்சக்கரத்தைப் படம் எடுத்து மறக்காமல் அனுப்பு. அப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அழுக்கான படத்துக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா